போர்ட்டிக்சன்: நாம் குளித்துவிட்டுத் திரும்பும் ஊரின் கதை

"எத்தனையாங் கட்டையில இறங்குனீங்க?"

போர்ட்டிக்சனுக்குப் போய் வந்தவர்களிடம் நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மைல் கற்கள் போய்க் கிலோமீட்டர் கற்கள் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தக் கடலோரச் சாலையில் இன்றும் நாலாங்கட்டை, ஏழாங்கட்டை, எட்டாங்கட்டைதான். மலாய்க்காரர்களும் "பத்து அம்பாட்", "பத்து துஜோ" என்றுதான் சொல்கிறார்கள். தங்கும் விடுதியின் பெயரை மறந்தவருக்கும் கட்டை எண் மறப்பதில்லை.

நெகிரி செம்பிலான், சிலாங்கூர் தோட்டப்புறங்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் கடல் என்றால் அது போர்ட்டிக்சன் கடல்தான். பால்மரக் காட்டுக்குள் பிறந்து, பிரட்டுக் களத்துக்கும் லயத்துக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைகள் முதன்முதலில் அலையைப் பார்த்தது இங்கேதான். தோட்டத்தில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு லோரியோ பஸ்ஸோ பேசுவார்கள். விடியும் முன்பே புளிச்சாதமும் கோழிப் பிரட்டலும் கட்டியாகிவிடும். பொழுது சாயும் முன் திரும்பியாக வேண்டும், மறுநாள் வெட்டு இருக்கிறதே! அந்த ஒருநாள் பயணத்தில் மணலையும் தண்ணீரையும் தவிர வேறெதையும் பார்க்க நேரம் இருந்ததில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த ஊர் என்று சொல்லிக்கொள்ளும் போர்ட்டிக்சனைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் முன்னோரின் உழைப்பும் கலந்து வளர்ந்த ஊர் அது.

எங்கே இருக்கிறது?

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கடலைத் தொடும் ஒரே மாவட்டம் போர்ட்டிக்சன். வடக்கே சிப்பாங் ஆறு, அதற்கு அப்பால் சிலாங்கூர். தெற்கே லிங்கி ஆறு, அதற்கு அப்பால் மலாக்கா. சிரம்பானிலிருந்து ஏறக்குறைய 32 கிலோமீட்டர், கோலாலம்பூரிலிருந்து 90 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் தலைநகரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். பள்ளி விடுமுறையில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

நகரத்திலிருந்து தெற்கே தஞ்சோங் துவான் முனை வரை ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரை போகிறது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பெரும்பகுதி சேறும் கண்டல் காடும்தான். இங்கே சிறு சிறு முனைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் இடையிடையே மணல் வளைவுகள் அமைந்திருக்கின்றன. சவுஜானா, பாகான் பினாங், தெலுக் கெமாங், தஞ்சோங் துவானுக்கு அருகிலுள்ள புளூ லகூன் எல்லாம் அப்படி அமைந்தவையே. தண்ணீர் கிழக்குக் கரை போலப் பளிங்காக இருக்காது. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது, ஆறுகள் கொண்டு வரும் வண்டல் கலந்தது. அதனால் போர்ட்டிக்சன் கடல் அழுக்கு என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அது முழு உண்மை அல்ல. தஞ்சோங் துவானை ஒட்டிய நீருக்கடியில் இன்றும் பவளப் பாறைகள் இருக்கின்றன.

லுக்குட் இல்லாமல் போர்ட்டிக்சன் இல்லை

சிரம்பானிலிருந்து வரும்போது போர்ட்டிக்சனுக்குச் சற்று முன்னால் லுக்குட் வரும். நம்மில் பெரும்பாலோர் அங்கே நிற்பது கடலுணவுக்காக. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வட்டாரத்தின் தலையாய ஊர் லுக்குட்தான். அப்போது அது சிலாங்கூருக்குச் சொந்தம். ராஜா ஜுமாஹாட் என்பவர் அதை ஆண்டார். ஈயத்துக்காகச் சீனத் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். 1847இல் அவர் குன்றின் மேல் ஒரு கோட்டை கட்டினார். அதன் அகழியும் மண்மேடும் இன்றும் இருக்கின்றன. அடிவாரத்தில் அருங்காட்சியகம் உண்டு.

கோலாலம்பூரின் பிறப்பிலும் லுக்குட்டுக்குப் பங்கு இருக்கிறது. 1857இல் ராஜா ஜுமாஹாட்டும் அவருடைய சகோதரர் ராஜா அப்துல்லாவும் மலாக்கா வணிகர்களிடம் 30,000 டாலர் திரட்டி, 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் மேல்பகுதிக்கு ஈயம் தேட அனுப்பினார்கள். அவர்கள் அம்பாங்கில் தோண்டிய சுரங்கங்களுக்குப் பொருள்கள் இறக்கும் துறையாக இருந்த இடம்தான் பின்னர் கோலாலம்பூர் ஆனது. முதல் மாதங்களிலேயே அவர்களில் பெரும்பாலோரைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1864இல் ராஜா ஜுமாஹாட் இறந்த பிறகு லுக்குட் சரிந்தது. 1880ஆம் ஆண்டு வாக்கில் அது சிலாங்கூரிடமிருந்து சுங்கை ஊஜோங் ஆட்சிக்குக் கைமாறியது. சுங்கை ஊஜோங் என்பது இன்றைய சிரம்பான் வட்டாரம். அங்கே விளைந்த ஈயம் அதுவரை லிங்கி ஆற்று வழியே, பெங்காலான் கெம்பாஸ் துறையிலிருந்துதான் வெளியேறிக்கொண்டிருந்தது. ஆறு தூர்ந்துகொண்டே வந்தது. நேராகக் கடலில் ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. ஆங்கிலேயர்கள் தேர்ந்தெடுத்த கடலோரத்துக்கு அப்போது அராங் என்று பெயர். மலாயில் அது கரியைக் குறிக்கும் சொல். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் அரசுச் செயலாளராக இருந்த சர் ஜான் பிரெடரிக் டிக்சனின் பெயரைப் புதிய துறைமுகத்துக்கு வைத்தார்கள்.

1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 39 கிலோமீட்டர். ஒரு தனியார் நிறுவனம் போட்ட பாதை அது. மம்பாவ், சிலியாவ் வழியாகக் கடலுக்கு வந்தது. 1908இல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

ரப்பர் வந்தது, நாமும் வந்தோம்

ரயில் வந்த சில ஆண்டுகளில் நிலத்தின் முகமே மாறியது. லின்சம் போன்ற பழைய தோட்டங்களில் முதலில் காப்பி. காப்பி விலை விழுந்ததும் ரப்பர். சுவா பெத்தோங், அத்தர்டன், சுங்காலா, தானா மேரா என்று போர்ட்டிக்சனைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன. காடு அழித்தவர்கள், கன்று நட்டவர்கள், பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகள் மூலம் வந்த தமிழர்கள். தண்டவாளத்தைப் பழுது பார்த்தவர்களிலும் சாலைக்குக் கல் உடைத்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். தோட்டத்து ரப்பர் சீட்டுகள் ரயிலேறிக் கப்பலுக்குப் போன நாட்களில் போர்ட்டிக்சன் நமக்குக் குளிக்கும் ஊராக இருக்கவில்லை. உழைப்பு கரையேறிப் போகும் வாசலாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் புழுங்கல் அரிசியை ஏளனமாகப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

அந்தக் காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்களையே அது அதிகம் தாக்கியது. போர்ட்டிக்சன் கடலோரத்தில் பெரிபெரி நோயாளிகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. கடல் காற்று குணமாக்கும் என்பது அன்றைய நம்பிக்கை.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்ற ஆங்கிலேயர் ஒன்றைக் கவனித்தார். அதே வெயிலில், அதே மழையில், அதைவிட மோசமான லயங்களில் இருந்த தமிழர்களுக்கு இந்த நோய் அவ்வளவாக வருவதில்லை. வேறுபாடு எங்கே? சோற்றில். சீனர்கள் ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்டார்கள். தமிழர்கள் புழுங்கல் அரிசியை உண்டார்கள். 1907இல் அவர் இதைப் புத்தகமாகவே எழுதினார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் அரிசிதான் காரணம் என்றது சரி. அதே காலத்தில் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் இதே மாநிலத்தில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்து அதை உறுதி செய்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 என்ற உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. கூலிக்காரன் சோறு என்று பேசப்பட்டது, அந்தக் கூலிக்காரனைக் காத்தது.

துறைமுகம் எப்படி உல்லாச ஊரானது?

1901இல் கிள்ளானுக்கு அருகில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். பெரிய கப்பல்கள் அங்கே திரும்பின. போர்ட்டிக்சன் துறைமுகம் பிறகு பெரிதாக வளரவே இல்லை. அதற்குப் பதிலாகத் துரைமார்கள் கடலோரத்தில் பங்களாக்கள் கட்டினார்கள். சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் இருந்த அதிகாரிகளுக்கும் தோட்ட நிர்வாகிகளுக்கும் வார இறுதி ஓய்விடமாக ஊர் மாறியது. நம் பாட்டன்மார் அந்தப் பங்களாக்களில் தோட்டக்காரராகவும் சமையல்காரராகவும் நுழைந்திருக்கலாம், விருந்தாளியாக அல்ல. சாதாரண மக்கள் குடும்பத்தோடு வந்து மணலில் பாய் விரித்தது பின்னால் வந்த வழக்கம்.

இராணுவமும் இங்கே வேர்விட்டது. 1933 மார்ச் 1ஆம் தேதி 25 பேரோடு மலாய் இராணுவப் படைப்பிரிவு போர்ட்டிக்சனில்தான் தொடங்கப்பட்டது. நாட்டின் இராணுவம் அதிலிருந்துதான் வளர்ந்தது. சுங்கை பீசியில் இருக்கும் அரச இராணுவக் கல்லூரியும் 1950களில் இங்கே பிறந்து, பிறகு இடம் மாறியது. சீருசாவில் உள்ள இராணுவ அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் வருவது தவறு. அவசரகாலத்தைப் பற்றி வீட்டில் தாத்தா சொன்ன கதைகளுக்கு அங்கே உருவம் கிடைக்கும். 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணடைந்த பிறகு மலாயாவை மீட்க வந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இறங்கிய கரைகளில் மோரிப்போடு போர்ட்டிக்சனும் ஒன்று.

1960களின் தொடக்கத்தில் ஷெல், எஸ்ஸோ ஆகிய இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. இன்று அவை ஹெங்யுவான், பெட்ரோன் என்ற பெயர்களில் இயங்குகின்றன. மின்நிலையங்களும் உண்டு. கடலில் குளித்துக்கொண்டே புகைபோக்கியைப் பார்க்கும் உல்லாசத் தலம் நம் நாட்டில் வேறெங்கே இருக்கிறது? ரயில் மட்டும் போய்விட்டது. பயணிகள் ரயில் முதலில் நின்றது. எண்ணெய் இழுத்த ரயிலும் பின்னர் நின்றது.

தஞ்சோங் துவான்

எனக்குக் கேட்டால், போர்ட்டிக்சனில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். கடலுக்குள் நீண்டிருக்கும் காட்டு மேடு. போர்த்துக்கீசியர்கள் காபோ ராச்சாடோ என்று அழைத்தார்கள், பிளந்த முனை என்று பொருள். சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருந்தாலும் இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். மலாக்காவை ஆண்டவர்கள் நீரிணையைக் கண்காணிக்க இதைக் கைவிடாமல் வைத்திருந்ததன் எச்சம் அது.

மேலே நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1863இல் கட்டியது. அதற்கு முன்பே போர்த்துக்கீசியர் காலத்தில் அங்கே விளக்கு இருந்தது. 1606 ஆகஸ்டில் இந்த முனைக்கு எதிரே டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியர்களும் கடலில் மோதினார்கள். இரு தரப்பும் தலா இரண்டு கப்பல்களை இழந்தன. அதில் மூழ்கிய நாசாவ் என்ற டச்சுக் கப்பலை 1995இல் அகழ்ந்தார்கள். காட்டுக்குள் பாறையில் இருக்கும் ஒரு குழியை ஹங் துவாவின் கால்தடம் என்று காட்டுவார்கள். நம்புவது உங்கள் விருப்பம்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை இங்கே வேறொரு காட்சி. நீரிணை இந்த இடத்தில் மிகவும் குறுகலானது, சுமத்ராவின் ரூப்பாட் தீவு 38 கிலோமீட்டர்தான். குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன்பருந்துகளும் பிற பருந்து இனங்களும் வடக்கே திரும்பும்போது இந்த வழியாகத்தான் கடலைக் கடக்கின்றன. நிலத்தின் மேல் வெயிலில் எழும் சூடான காற்றில் மிதந்து போவது பருந்தின் பழக்கம். கடலில் அந்தக் காற்று இல்லை, சிறகடித்தே வர வேண்டும். களைத்துப் போய், மரத்துக்குச் சற்று மேலே, தாழ்வாக வந்து கரை சேரும். பிறகு முனையின் சூட்டில் சுழன்று சுழன்று மேலே ஏறிப் போய்விடும். நண்பகலை ஒட்டிய நேரம் நல்லது. மலேசிய இயற்கை ஆர்வலர் சங்கம் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் இங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சி நடத்துகிறது. இந்தச் சிறு காடு போய்விட்டால் கடல் கடந்து வரும் பறவைக்கு முதல் தரிப்பிடம் இல்லை.

உள்ளே தள்ளி இருப்பவை

பெங்காலான் கெம்பாஸ் கல்வெட்டு வளாகத்துக்கு நம்மவர்கள் போவதே இல்லை. வாள், கரண்டி, சுக்கான் என்று பெயர் பெற்ற செதுக்கிய நெடுங்கற்கள் அங்கே நிற்கின்றன. பக்கத்தில் ஷேக் அகமது மஜ்னுன் என்பவரின் 15ஆம் நூற்றாண்டுக் கல்லறை. அதன் கல்லில் ஒரு பக்கம் ஜாவி எழுத்து, மறுபக்கம் இந்திய எழுத்துகளிலிருந்து பிறந்த காவி எழுத்து, அதில் சக ஆண்டுக் கணக்கு. ஒரு தூணில் ஓட்டை இருக்கிறது. கையை உள்ளே விட்டுப் பொய் சொன்னால் கல் இறுகிக்கொள்ளும் என்பார்கள்.

புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா என்ற பெயர்களை உலகமே அறிந்தது 1999இல். நிப்பா கிருமி என்று மருத்துவ நூல்களில் இருப்பது இந்த மாவட்டத்துச் சிற்றூரின் பெயர்தான். 1998-99இல் மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 உயிர்களைக் கொண்டுபோனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. வட்டாரத்தின் பன்றி வளர்ப்பு அதோடு முடிந்தது. பிறகு அங்கே தீக்கோழிப் பண்ணை ஒன்று சுற்றுப்பயணிகளுக்காக வந்தது.

நாம் இருக்கும் நிலை

2018 அக்டோபர் இடைத்தேர்தலில் அன்வார் இப்ராஹிம் நின்று வென்றபோது நாடே போர்ட்டிக்சனைப் பார்த்தது. அவருக்காகத் தொகுதியை விட்டுக்கொடுத்தவர் டேனியல் பாலகோபால் அப்துல்லா. ஐந்து வாக்காளர்களில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்பது அப்போது பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது.

அந்த இந்தியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் தோட்டத்தில் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள், நிலம் வீடமைப்புக்குப் போனது. செண்டாயான் தோட்டமாக இருந்ததை அறிந்தவர்கள் இன்றைய பண்டார் ஸ்ரீ செண்டாயானில் வழி தெரியாமல் நிற்பார்கள். தோட்டத்தின் பெயர் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியில்தான் மிச்சம். சுவா பெத்தோங், அத்தர்டன், சுங்காலா, தானா மேரா என்று பெயர்ப் பலகையில் இன்னும் "லாடாங்" என்றே இருக்கிறது. லயம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் காட்டக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அடுத்த முறை காரில் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடற்கரையிலும் ஒரு மாற்றம். அலை ஏறி இறங்கும் மணல் சட்டப்படி அரசு நிலம், எந்த விடுதிக்கும் சொந்தமல்ல. ஆனால் சாலைக்கும் மணலுக்கும் நடுவே இருக்கும் நிலம் தனியாருக்குப் போய்விட்டால் மணலுக்குப் போவது எப்படி? பல கட்டைகளில் வேலியும் மதிலும் வந்துவிட்டன. செம்பருத்திப் பூ வடிவத்தில் கடல் மேல் கட்டிய வில்லாக்கள் அழகுதான், மறுக்கவில்லை. அறை வாடகை கொடுக்க முடியாமல் சோற்றுச் சட்டியோடு வரும் குடும்பத்துக்குத் தெலுக் கெமாங், சவுஜானா போன்ற பொதுக் கடற்கரைகளே மிச்சம். அவற்றில் நிழல் மரத்தையும் கழிப்பறையையும் நகராண்மைக் கழகம் ஒழுங்காக வைத்திருப்பது அதனால்தான் சின்ன விஷயமல்ல.

போகிறவர்களுக்கு

ரயிலில் வருபவர்கள் சிரம்பானில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். ஆனால் கட்டைக்குக் கட்டை போகச் சொந்த வாகனம் இல்லாவிட்டால் சிரமம். வார நாள் என்றால் விடுதி விலையும் குறைவு, சாலையும் காலி. காலையில் லுக்குட் கோட்டை, பிறகு தஞ்சோங் துவான், மாலையில் கடல் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் முடியும். தஞ்சோங் துவானில் ஏற்றம் உண்டு. முட்டி வலிக்காரர்கள் மெதுவாக ஏறவும், தண்ணீர்ப் புட்டி கையில் இருக்கட்டும்.

கடைசியாகக் கடலைப் பற்றி. இந்தக் கடல் சாதுவாகத் தெரிவதால்தான் ஆபத்து. நீர் வற்றும்போது முழங்கால் அளவுக்கு வெகுதூரம் நடந்து போகலாம், அதே இடத்தில் நீர் ஏறும்போது நிலை வேறு. மணல் தரையில் திடீர்ப் பள்ளங்கள் உண்டு. வாழைப்பழப் படகு ஓடும் பகுதியில் பிள்ளைகளை விடாதீர்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து புயற்காற்று மழையோடு பாயும், வானம் மேற்கே கறுத்தால் கரை ஏறிவிடுங்கள். சொறிமீன் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை மதியுங்கள். இந்தக் கரையில் மூழ்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி பல முறை வந்திருக்கிறது, அவற்றில் நம் பிள்ளைகளின் பெயர்களும் இருந்திருக்கின்றன. பெரியவர்கள் எல்லோரும் சாப்பாடு பிரித்துக்கொண்டிருக்கும் அந்த அரைமணி நேரத்தில் ஒருவர் மட்டும் தட்டைத் தொடாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். யார் என்று லோரி ஏறும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.